சாட்சி சொல்ல வந்திருக்கிறோம்

எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வந்துவிடும். சென்னைக்கு ஊழியத்துக்கு வந்த முதல் வருஷம் முழுக்க நான் எதையாவது மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். காலிங் பெல்லைத் திட்டினேன், நாயைத் திட்டினேன், லிஃப்டில் விடாமல் நான்கு மாடி ஏறவைத்த வாட்ச்மேனைத் திட்டினேன். "உள்ளே ஆள் இருக்கக் கூடாது ஆண்டவரே" என்று ஜெபித்துக்கொண்டே கதவைத் தட்டிய மிஷனரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெட்கக்கேடு. ஆனால் உண்மை அதுதான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தேனாம். பிழைத்தால் பிள்ளையை ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்துவிட்டாள். பொருத்தனை என்றால் எங்களுக்கு நேர்த்திக்கடன். ஊரில் மற்றவர்கள் காணிக்கையோடு முடித்துக்கொள்வார்கள். என் அம்மா முழுப் பிள்ளையையே எழுதிக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு அப்போது பேச வராது.

அதனால் திரும்பிப் போவது என்கிற பேச்சுக்கே இடமில்லை. எங்கள் ஊரில் அப்படிப் பாதியில் வந்த ஒருத்தர் இருந்தார். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பிள்ளைக்கும் கல்யாணம் முடித்துவிட்டார். இன்னமும் அவரை "ஊழியத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவரு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். நான் அப்படித் திரும்பினால் அம்மா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூட வெளியே தலைகாட்ட மாட்டாள். இந்தப் பயத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் எழும்பூரில் வந்து இறங்கினேன்.

எங்கள் ஊழியத்தில் யாரும் தனியே போகக் கூடாது, இரண்டு இரண்டு பேராகத்தான் போகவேண்டும். கூட வருகிறவளை 'ஜோடி' என்போம். எனக்கு வாய்த்த ஜோடி மிசோரம்காரி. என் வயசுதான், என் தோள் உயரம்தான், பயம் என்பது மருந்துக்கும் கிடையாது. தமிழை வேதப் புத்தகத்தை வைத்தே படித்தவள். அதனால் அவள் வாயைத் திறந்தால் பிரசங்க மேடை எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும். காய்கறிக் கடையில் போய், "ஐயா, இந்தத் தக்காளி எனக்குப் பிரியமாயிருக்கிறது, இதை எனக்குத் தாரும்" என்பாள். கடைக்காரர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டு, இரண்டு தக்காளி கூடப் போடுவார். யாராவது எங்களைக் கண்டபடி ஏசினால் அவள் சிரித்த முகமாக நிற்பாள். வேதத் தமிழில் மெட்ராஸ் வசவு கிடையாது அல்லவா, அவளுக்கு ஒன்றும் ஏறாது. திட்டு இரண்டு பேருக்கும் பொது, வாங்கிக்கொள்வது நான் ஒருத்தி.

எங்களுக்குக் கொடுத்த ஏரியா மந்தைவெளி, பட்டினப்பாக்கம், ஆற்றைத் தாண்டினால் அடையாறில் கொஞ்சம். எல்லா வீட்டிலும் விரட்டினார்கள் என்று சொல்ல மாட்டேன், அது பொய். மந்தைவெளி அபார்ட்மெண்ட் ஒன்றில் ஒரு மாமி கதவைப் பாதி திறந்து எங்கள் கையில் இருந்த, ஆண்டவரைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளைப் பார்த்தார். "எங்காத்துல இதெல்லாம் வேண்டாம்மா" என்றார். நாங்கள் திரும்பினோம். "நில்லு, நில்லு. வெயில்ல அலைஞ்சுண்டு இருக்கேள். மோர் தரேன், குடிச்சுட்டுப் போங்கோ. அந்தப் பேப்பரை மட்டும் இங்கே வெச்சுட்டுப் போயிடாதேங்கோ." பெருங்காயம் போட்ட மோர். நான் அதையும் பயந்துகொண்டேதான் குடித்தேன், வாட்ச்மேன் வந்துவிடுவானோ என்று. அவன் வந்தும் விட்டான்.

உண்மையான பயம் வந்தது அடையாறில். ஒரு பூங்கா வாசலில் நான்கைந்து பேர் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் போனை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நீட்டிப் படம் எடுத்தான். "மூஞ்சியக் காட்டு. எந்த ஊரு நீ? எவன் அனுப்பிச்சான்?" என்றான். என் ஜோடி அவனுக்கு, "உமக்குச் சமாதானம் உண்டாவதாக" என்றாள். அவன் அதையும் படம் எடுத்தான். போகும்போது, "இன்னொரு தபா உங்கள ரோட்டுல பாத்தேன், நேரா ஸ்டேஷன்தான்" என்றான். யாரும் எங்களைத் தொடவில்லை, அடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்த்து யார் போனைத் தூக்கினாலும், அது மணி பார்க்கத்தான் என்றாலும், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் பொறுப்பாளர் ஒரு நாகர்கோவில் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் போனில் சட்டம் போட்டார். "இனி போலீஸ் நிக்குத இடத்துல நிக்காதீங்க. உங்க பேரு எந்தப் பேப்பர்லயும் ஏறக் கூடாது. ஏறிச்சுன்னா மறுநாளே ஊருக்கு ரயில் ஏத்திருவேன், பாத்துக்கோ." அவர் பயத்துக்கும் காரணம் இருந்தது. நாங்கள் குடியிருந்த மாடி வீட்டை, பெண்கள் இரண்டு பேரும் ட்யூஷன் எடுக்கிறார்கள் என்று சொல்லித்தான் அவர் பிடித்திருந்தார். போலீஸ் விசாரிக்க வந்தால் அந்த வீடு போகும், அப்புறம் வேறு வீடு கிடைக்காது. உண்மையைச் சொல்ல வந்த நாங்கள் பொய் சொல்லித்தான் வாடகைக்கு இருந்தோம் என்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை.

ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மெட்ரோ வேலைக்குத் தகரம் அடைத்து, ரோடு பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. என் ஜோடி உள்ளே பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களிடம் கைப்பிரதி கொடுத்துக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். நான் ஓரமாக நின்று, யாராவது போனைத் தூக்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரமாக ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. பெரியவர் ஒருத்தர் சைக்கிளில் மெதுவாக வந்தார். காரில் இருந்தவன் பின்னால் பார்க்காமல் ரோட்டுப் பக்கக் கதவைத் திறந்தான். சைக்கிள் கதவில் மோதியது, பெரியவர் நடுரோட்டில் போய் விழுந்தார். பின்னால் வந்த ஆட்டோ கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் ஒரு சாண் இடைவெளி. காரின் கதவு மூடியது. கார் கிளம்பியது. அவ்வளவுதான், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம்.

கூட்டம் சேர்ந்தபோது கார் இல்லை. கீழே ரத்தத்தோடு பெரியவர், அவர் தலைமாட்டில் ஆட்டோ. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஆட்டோக்காரன் அடிச்சிட்டான்" என்று யாரோ சொன்னார், எல்லோரும் சொன்னார்கள். ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்கினார். காக்கிச் சட்டையைக் கழற்றிப் பெரியவர் தலையில் சுற்றிக் கட்டி, பனியனோடு அவரைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

காரின் நம்பர் எனக்குத் தெரியும். கடைசி நான்கு எண்ணும் கண்ணில் அப்படியே நின்றது. சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் போலீஸ் ஜீப் ஒன்று திரும்பி வந்தது. என் தோள் பையில் நானூறு கைப்பிரதி. "யாரும்மா நீ? இங்க என்ன பண்ற? பையில என்ன?" என்று கேட்பார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற மாதிரி என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே ஓடி ஜோடியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கிளம்பிக்கொண்டிருந்த முதல் பஸ்ஸில் ஏறினேன். அது தி. நகர் பஸ். "நாம் எவ்விடம் போகிறோம்?" என்றாள் அவள். "சும்மா வா" என்று எரிந்து விழுந்தேன்.

பஸ்ஸில் அந்த நம்பரை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வந்தபோது அதன் மேல் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்து அமுக்கினேன். தி. நகரில் இறங்கி, ஜவுளிக்கடைக் கூட்டத்துக்குள் எதையும் வாங்காமல் இரண்டு மணி நேரம் சுற்றினோம். நம்பர் மேலே வரும்போதெல்லாம் பாட்டுப் பாடினேன். இப்படி ஒரு நாள், இரண்டு நாள். ஒரு வாரத்தில் அது உண்மையாகவே போய்விட்டது. தானாக மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். மெனக்கெட்டு மறந்தேன்.

அந்த ஆட்டோக்காரருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூக்கிக்கொண்டு போன மனுஷனை யார் என்ன செய்யப் போகிறார்கள்? பெரியவருக்காக மட்டும் தினமும் ஜெபம் பண்ணினேன். ஜெபம் பண்ண ஜீப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை பாருங்கள்.

பத்து நாள் கழித்து, காலையில், பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் போனோம். அந்த வாரம் எங்களுக்குக் குறித்திருந்த இடம் அது. முதல் மாடியில் மூன்றாவது வீடு. வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்து, விற்கக் கொண்டுபோக வேண்டிய மீனை அரிவாள்மனையில் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேசுவதில் என் முறை முடிந்து ஜோடியின் முறை. அவள் எப்போதும் சொல்கிறதைக் கைகூப்பிச் சொன்னாள்: "ஸ்தோத்திரம் அம்மா. நாங்கள் சாட்சி சொல்ல வந்திருக்கிறோம்."

எங்களுக்கு அது அன்றாட வார்த்தை. ஆண்டவர் நமக்கு என்ன செய்தார் என்று நாலு பேரிடம் சொல்வதற்குப் பெயர் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல்வோம், கூட்டத்தில் சொல்வோம், எங்கள் ஊரில் ஐந்து வயசுப் பிள்ளைகூடச் சாட்சி சொல்லும். அந்த வார்த்தைக்குக் கோர்ட்டில் இன்னொரு வீடு இருக்கிறது என்பதே எங்களுக்கு நினைவிருக்காது.

அக்காவின் கையில் இருந்த மீன் நழுவிச் சட்டியில் விழுந்தது. எழுந்து வந்து அதே ஈரக் கையால் என் ஜோடியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டியாம்மா! யாருமே வரமாட்டாங்கன்னு நெனச்சிகினு கீறோம்மா!" உள்ளே பார்த்துக் கத்தினாள். "யோவ், இன்னும் இன்னா படுத்துகினு கீற? எந்திரி! சாட்சி சொல்ல வந்துகீறாங்கய்யா!"

பனியனோடு ஒருவர் எழுந்து வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பேயறைந்த மாதிரி ஆயிற்று. காக்கிச் சட்டையைக் கழற்றிக் கட்டிய அதே மனுஷன்.

எங்களை உள்ளே உட்காரவைத்து அவர்தான் சொன்னார். "நான் அடிக்கலம்மா. அவரு கீழ வுழுந்தாரு, நான் பிரேக்கப் போட்டேன். யாரும் தூக்கல, நான்தான் தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒருத்தரு கேட்டாரு, 'எந்த வண்டி?'ன்னு. நான் எந்த வண்டில இட்டாந்தேன்னு கேக்கறாருன்னு நெனச்சிகினு, 'என் வண்டிதான் சார்'ன்னேன். அவரு அடிச்ச வண்டின்னு எழுதிகினாரு. முடிஞ்சிபோச்சு." அவர் வண்டியை ஸ்டேஷனில் பிடித்து வைத்துவிட்டார்கள். லைசென்ஸ் போய்விட்டது. "பெரியவருக்கு இன்னும் நெனவு வரல" என்றாள் அக்கா. "அவருக்கு எதுனா ஆச்சுன்னா கேஸு வேற மாரி பூடும், உள்ள வச்சிருவாங்கன்றாங்க. ஸ்டேஷன்ல ரைட்டரு சொன்னாரு, பாத்தவங்க யாருனா இருந்தா இட்டுகினு வான்னு. எங்கன்னு போய்த் தேடுவேன்? பஸ் ஸ்டாப்ல நின்னவங்கள எல்லாம் கேட்டேன். சாமிதான் உங்கள அனுப்பிச்சிகீது."

"ஆம், அவரே அனுப்பினார்" என்றாள் என் ஜோடி, அகமகிழ்ந்து. அவளுக்குப் பேசியதில் பாதி புரியவில்லை. "நாங்கள் உண்மையையே சொல்லுவோம்."

'அக்கா, நாங்க அந்தச் சாட்சி இல்லை' என்று ஒரு வரி சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் நான் அந்தச் சாட்சியும்தானே! இப்படி ஒரு கண்ணியில் போய்க் கால் வைப்பேனா? அக்கா எங்களுக்குக் காப்பி போட எழுந்தாள். நான் குதித்து எழுந்து, "நாளைக்கு வாரோம்கா" என்று உளறிவிட்டு ஜோடியை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான், அவளை இழுத்துக்கொண்டு ஓடுவது.

கீழே வந்ததும் அவள் கையை உதறிக்கொண்டாள். "அவர்கள் ஏன் அழுதார்கள்?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினேன். கார், கதவு, நம்பர், தி. நகர், பாட்டு. அவள் கவனமாகக் கேட்டாள். "நீ கண்டாயா?" என்றாள். "கண்டேன்." அவள் மூச்சை விட்டாள். "அப்படியானால் நான் அந்த ஸ்திரீயினிடத்தில் பொய் சொல்லவில்லை" என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை! எனக்கு வந்த கோபத்தில் அவளை அங்கேயே கடலில் தள்ளியிருப்பேன். கொஞ்ச தூரம் நடந்தபிறகு கோபம் அவள்மேல் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் முடிக்கும்முன்னே அவர் தொடங்கிவிட்டார். "உனக்கு என்ன பிள்ளே கிறுக்கு புடிச்சிருக்கா? ஸ்டேஷனுக்குப் போவியா? என்ன தொழில்னு கேப்பான், எங்க தங்கியிருக்கன்னு கேப்பான், ஹவுஸ் ஓனருக்குப் போன் போடுவான். உன் ஒருத்தியால எல்லாரும் தெருவுல நிக்கணுமா? நாம ஆத்துமாக்களுக்காக வந்திருக்கோம், கோர்ட்டு கேஸுக்காகவா வந்தோம்?"

"அவரும் ஒரு ஆத்துமாதானே அண்ணாச்சி?" என்றேன். பெரிய வீரம் என்று நினைக்க வேண்டாம். பயம் முற்றினால் எனக்கு வாய் நீளும், அவ்வளவுதான்.

"போனேன்னா பெட்டியக் கட்டிக்கோ" என்று அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பட்டினப்பாக்கம் போய், "வாங்கக்கா, நான்தான் பாத்தேன், ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன். அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு கிளம்பினாள். வழியெல்லாம் தெரிந்தவர்களிடம் என்னைக் காட்டிக்கொண்டே வந்தாள். "தோ, இந்தப் பொண்ணுதான். பாத்திட்டு நம்மள வீடு வீடா தேடிகினு வந்துகீது." ஒவ்வொருத்தரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் வாழ்க்கையில் அத்தனை கும்பிடு நான் வாங்கியதில்லை. ஒவ்வொன்றும் முதுகில் விழுந்த அடியாக இருந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்குத் துப்பில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு நடுத்தர வயசுக்காரர், கழுத்தில் கைக்குட்டை. பெஞ்சில் அக்கா என்னை ஒட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் என் ஜோடி. ஆட்டோக்காரர் உட்காரவில்லை, சுவரோடு சுவராக நின்றார். ரைட்டர் பேர் கேட்டார், சொன்னேன். அப்பா பேர், விலாசம், சொன்னேன். எழுதிக்கொண்டே, "தொழில்?" என்றார்.

ட்யூஷன் என்று சொல்ல வாய் வரை வந்தது. "ஊழியம் சார்" என்றேன்.

"கவர்மெண்டு ஊழியமா? எந்த டிபார்ட்மெண்டு?"

"இல்ல சார். சர்ச் ஊழியம். வீடு வீடாப் போய் ஆண்டவரைப் பத்திச் சொல்லுவோம். அன்னைக்கும் கைப்பிரதிதான் குடுத்துக்கிட்டு நின்னேன்." சொல்லி முடித்தேன். இப்போது கூரை இடிந்து விழும் என்று காத்திருந்தேன். அவர், "ச-ர்-ச்" என்று எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, "கார் என்ன கலரு?" என்றார். அவ்வளவுதான்! சென்னைக்கு வந்த நாளிலிருந்து நான் எதை நினைத்து நடுங்கினேனோ, அது அந்த ஆளுக்கு ஒரு கட்டத்தை நிரப்புகிற வார்த்தை.

கார் வெள்ளை என்றேன். கதவு திறந்ததைச் சொன்னேன். ஆட்டோ சக்கரம் பெரியவர்மேல் படவில்லை என்றேன். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கட்டியதைச் சொன்னபோது ரைட்டர் பேனாவை நிறுத்தி ஆட்டோக்காரரைப் பார்த்தார். "சட்டையா? நீ இதச் சொல்லவே இல்லியேய்யா?" அவர், "அதுல இன்னா சார் கீது சொல்றதுக்கு" என்றார். ரைட்டர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். இப்போதுதான் அவர் என்னை நம்பினார் என்று தெரிந்தது.

"நம்பர் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

"சொல்லு."

"மறந்துட்டேன்."

"எதிர்க்க மருந்துக்கடைல கேமரா கீது. ஆனா ஒரு வாரத்துக்கு மேல அதுல தங்காது. ஏம்மா, பாத்த அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே அவன மடக்கியிருப்போம்ல? பத்து நாளு எங்க போயிருந்த?"

அக்காவின் கை என் கையில் இருந்தது. "பயந்துட்டேன் சார்" என்றேன். "ஜீப்பைப் பாத்ததும் பஸ் ஏறிப் போயிட்டேன்."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். மெதுவாக, சூடான பாத்திரத்தைக் கீழே வைக்கிற மாதிரி.

ரைட்டர் எழுதியதை வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். "இப்போதைக்கு இவருக்கு உன் ஸ்டேட்மெண்டு ஒண்ணுதான் கீது" என்றார். "கோர்ட்ல கூப்டுவாங்க. ஆறு மாசமும் ஆவும், ரெண்டு வருஷமும் ஆவும். வந்து நின்னு சொன்னாத்தான் இதுக்கு மதிப்பு. வரலேன்னா இது வெறும் பேப்பரு."

வெளியே வந்தோம். பிடித்து வைத்த வண்டிகளுக்கு நடுவே தன் ஆட்டோவைத் தேடிக்கொண்டு அவர் போய்விட்டார். அக்கா என் எதிரே நின்றாள்.

"அன்னிக்கே பாத்துகீற."

"ஆமாக்கா."

"அப்ப எங்களத் தேடிகினு நீ வரல."

"இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கும்மே எங்க வூட்டாண்ட வந்து சாட்சின்னீங்க?"

சொன்னேன். நாங்கள் சாட்சி என்று எதைச் சொல்வோம் என்று, தட்டுத்தடுமாறி. "அது வேற சாட்சிக்கா" என்றேன்.

"வேற சாட்சியா?" என்றாள். "எத்தினி சாட்சிமே வச்சிகினு கீற?"

"பயந்துட்டேன்க்கா" என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

"நான் மட்டும் இன்னா, பயப்படாமயா கீறேன்? ராவும் பகலும் பயந்துகினுதான் கீறேன். நான் எந்த பஸ்ஸுல ஏறுவேன், சொல்லு?"

என் பையில் போன் அடித்தது. அண்ணன்தான். காலையிலிருந்து ஐந்தாவது தடவை. அடுத்த ரயிலில் என்னை ஏற்றிவிடுவார். அம்மாவுக்கும் இதற்குள் சொல்லியிருப்பார். இந்த ஊரில் நான் எங்கே தங்குவது, கோர்ட்டில் கூப்பிடும்போது எங்கிருந்து வருவது, ஒன்றும் தெரியாது.

"கோர்ட்டுக்கு வருவியா?" என்றாள் அக்கா.

"வருவேன்க்கா."

"சும்மா சொல்லிட்டுப் பூடுவ. சத்தியம் பண்ணு." உள்ளங்கையை நீட்டினாள்.

நாங்கள் சத்தியம் செய்கிறவர்கள் இல்லை. சின்ன வயசில் விளையாட்டுக்கு அந்த வார்த்தை வாயில் வந்தாலே அம்மா உதட்டில் சுண்டுவாள். சொன்னால் சொன்னதுதான்; அதற்குமேல் சத்தியம் தேவைப்பட்டால் உன் பேச்சில் பொய் இருக்கிறது என்று அர்த்தம் என்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் யார் கையிலும் அடித்ததில்லை. என் ஜோடிக்கும் அந்தச் சட்டம் தெரியும், இரண்டு பாஷையில் தெரியும். அவளைப் பார்த்தேன். அவள் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பேச்சில் பொய் இருந்தது. பத்து நாள் இருந்தது. அந்த அக்கா என்னிடம் சத்தியம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பாள்?

அடித்தேன். "எங்க வூட்டுக்காரு தல மேலன்னு சொல்லு" என்றாள். "உங்க வீட்டுக்காரர் தலை மேல சத்தியமா வருவேன்" என்றேன். அவள் தன் விரல்களை மூடி என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் வரை விடவில்லை. பிரியத்தில் பிடித்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடிவிடுவேன் என்று பிடித்தாள்.